புண் ஆறினால் போதுமா? உட்கார நாற்காலி எங்கே?



அரியாங்குப்பத்திலிருந்து விடிந்ததும் பஸ் ஏறி புதுச்சேரி டவுனுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களைப் பாருங்கள். துணிக்கடை, ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது, துப்புரவு, சித்தாள் வேலை. பெரும்பாலும் நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. இப்படி வருஷக்கணக்கில் நின்ற சிலருக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வருகிறது. மாதக்கணக்கில் கட்டுப் போட்டு ஆறுகிறது. அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்ப வருகிறது. "நீ ஒழுங்கா பாத்துக்கல" என்று பழி அவர் மேலேயே விழுகிறது. அந்தப் பழியை நாங்கள் ஏற்கவில்லை.

புண் ஏன் திரும்புகிறது? காலிலுள்ள ரத்தம் சிரை வழியாக மேலே ஏற வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. நடக்கும்போது ஆடுதசை அதைப் பம்ப் போலத் தள்ளுகிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை, நீண்ட நேரம் அசையாமல் நிற்பது எல்லாம் சேர்ந்து வால்வைக் கெடுக்கின்றன. ரத்தம் தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்கிறது. தோல் கறுத்து அரிக்கிறது, சின்னக் கீறல்கூடப் புண்ணாகிறது. புண் மூடினாலும் கெட்ட வால்வு கெட்டபடியே இருக்கிறது.

எனவே ஆறிய பிறகும் பராமரிப்பு தொடர வேண்டும். மருத்துவர் அளவெடுத்துக் கொடுத்த அழுத்தக் காலுறையைக் காலையில் கால் வீங்கும் முன்பே போட்டு, இரவில் கழற்ற வேண்டும். அது தளர்ந்து போனால் மாற்ற வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும், நடக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, தோல் வறளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் கீறலோ நீரோ தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டவர்களுக்கு இந்தக் காலுறை ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கும் புண்ணின் காரணம் வேறாக இருக்கலாம். பரிசோதிக்காமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது. கெட்ட சிரைக்கே சிகிச்சை செய்தால் புண் திரும்பும் வாய்ப்பு குறையும். அரசு மருத்துவமனையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொடுப்பது நம் கடமை. ஆனால் காலை எங்கே உயர்த்தி வைப்பது? உட்கார்ந்தாலே சம்பளம் பிடிக்கிற இடத்தில், ஒரு நாற்காலிகூட இல்லாத இடத்தில், "ஓய்வெடுங்கள்" என்ற அறிவுரைக்கு என்ன பொருள்?

யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதைச் சாதி எப்போதும் தீர்மானித்தே வந்திருக்கிறது. பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. தலைவருக்கே நாற்காலி மறுக்கப்படும் சமூகத்தில் கூலிப் பெண்ணுக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

போராடினால் கிடைக்கும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் பி. விஜி தலைமையில் 'பெண்கூட்டு' அமைப்பாகத் திரண்டார்கள். 2018இல் கேரளம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதற்கான சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த உரிமை நம் ஊர்க் கடையிலும், பாத்திரம் கழுவும் இடத்திலும், கட்டட வேலையிலும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, உங்கள் தெருவில் ஆறிய புண்ணோடு இருப்பவர்களைச் சந்தித்து, பராமரிப்பைச் சொல்லி, மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். இரண்டு, அவர்கள் வேலை செய்யும் இடத்தில் நாற்காலி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். அதை வைத்து இலவசக் காலுறை, இருக்கை, ஓய்வு நேரம் கேட்டுத் தொழிலாளர் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் மனு கொடுப்போம்.

உரிமை கேட்ட மில் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிக்குப் பலியான புதுச்சேரி இது. இங்கே ஒரு நாற்காலி கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

ஜெய்பீம்.