எண்ணி வந்த நாப்கின், உடம்புக்குப் பொருந்தியதா?

அமிர்தி என்றதும் வேலூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது உயிரியல் பூங்காவும் அருவியும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டவுனிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஜவ்வாது மலைக்குள் ஏறும் பாதையில் புளியும் சாமையும் சுமந்து இறங்கும் பெண்களைப் பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் போன வேலையும் வேறு. பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில் உள்ள இழுபறி பற்றிப் பேசத்தான் போயிருந்தோம். ஆண்கள் கிளம்பிப் போன பிறகு பெண்கள் மட்டும் மரத்தடியில் மிச்சம் இருந்தபோது பேச்சு மெல்லத் திரும்பியது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பதினோராம் வகுப்புப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"ஸ்கூல்ல குடுக்கிற பேடு நல்லாத்தான்கா இருக்கு, உக்காந்துனு இருந்தா. லீவுக்கு வரும்போது மலையில நடக்க நடக்க சுருட்டிக்கினு ஒரு பக்கமா போயிடுது. தொடை ரெண்டும் எரியுது."

பக்கத்தில் இருந்த அவள் அத்தை சிரித்தார். "உனுக்காவது அது கெடைக்குது. எங்களுக்குத் துணிதான்."

இந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கும் அரசியலைத்தான் இந்த வாரம் பேச நினைக்கிறோம். கூச்சப்படும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். பயன்படுத்தித் தூக்கிப்போடும் நாப்கின் என்பது வெறும் பஞ்சுப் பொதி அல்ல, பல அடுக்குகள் கொண்டது. தோலில் படும் மேலடுக்கு நெய்யாத மெல்லிய துணி, அல்லது நுண்துளை போட்ட பிளாஸ்டிக் தாள். ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விடுவது இதன் வேலை. அடுத்த அடுக்கு, விழுந்த ஈரம் ஒரே இடத்தில் தேங்காமல் நீளவாக்கில் பரவ வழிசெய்யும். நடுவில் உறிஞ்சும் பகுதி. பெரும்பாலும் மரக்கூழ், விலை கூடிய ரகங்களில் அதோடு ஜெல்லாக மாறும் வேதிப்பொடி. அந்தப் பொடி தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் நாப்கின் மெலிந்தது. கடைசியாக, கசியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் அடித்தாளும் அதன் முதுகில் பசையும். இறக்கை வைத்த ரகத்தில் அந்தப் பசை உள்ளாடையின் இரு பக்கமும் மடிந்து ஒட்டும்.

இந்த அடுக்குகளில் எது மலிந்தாலும் உடம்பு உடனே சொல்லிவிடும். மேலடுக்கு சொரசொரத்தால் தொடை உரசிப் புண்ணாகும். ஈரத்தைப் பரப்பும் அடுக்கு இல்லாவிட்டால் நடுப்பகுதி மட்டும் ஊறிப்போக, ஓரமெல்லாம் காய்ந்தபடியே இருக்கும். கறை பட்டுவிடும். கூழைச் சரியாக அழுத்தி வைக்காவிட்டால் நடக்கும்போது உடைந்து கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். அந்தப் பெண் சொன்ன "சுருட்டிக்கினு" என்பது இதுதான். அடித்தாள் காற்றுப் புகாத சாதாரண பாலித்தீன் என்றால் வேலூர் வெயிலில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நீராவியை மட்டும் வெளியே விட்டு ஈரத்தைத் தடுக்கும் நுண்துளைத் தாள் உலகத்தில் இல்லாத பொருளா என்ன? இருக்கிறது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக் குறியீடும் உண்டு. ஐ.எஸ். 5405 என்ற எண்ணில் உள்ள அது 2019-இல் திருத்தப்பட்டது. அதில் வழக்கமாகச் சொல்லப்படும் சோதனை இப்படி: நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி திரவத்தை ஊற்ற வேண்டும். பிறகு ஒரு கிலோ எடையை அதன்மேல் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். அடியிலும் ஓரத்திலும் கசியக்கூடாது. நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது மேசைமேல் அசையாமல் கிடக்கும் நாப்கினுக்கான சோதனை. தலையில் விறகுக்கட்டோடு சரிவில் இறங்கும் பெண்ணோ, நூறு நாள் வேலையில் குந்தி எழுந்து மண் அள்ளும் பெண்ணோ, ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நம் காலனிப் பெண்ணோ அந்தச் சோதனைக்கூடத்துக்குள் வரவே இல்லை.

அணிந்து பார்க்கிறவர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்பதை உலகத்துக்கே காட்டியவர் நம் தமிழ்நாட்டுக்காரர்தான். கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், மனைவி கந்தல் துணி பயன்படுத்துவதைப் பார்த்து மலிவு விலை நாப்கின் செய்யக் கிளம்பியவர். முதலில் பருத்திப் பஞ்சில் செய்தார், தோற்றது. அணிந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மனைவி பிரிந்து போனார். கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பருத்தி அல்ல, மரக்கூழ் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கூழை உதிர்க்க, அழுத்த, மூடி ஒட்ட, புறஊதா ஒளியில் கிருமி நீக்க என்று சிறிய இயந்திரங்களை அவர் உருவாக்கினார். அவை பல மாநிலங்களின் மகளிர் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018-இல் இந்தியில் சினிமாவும் வந்தது. அவரைப் பாராட்டும் எல்லோரும் இயந்திரத்தின் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர் மாட்டிக்கொண்டு நடந்த அந்த நடையைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கு முக்கியம் அந்த நடைதான்.

இப்போது அரசுத் திட்டத்துக்கு வருவோம். 2012-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'புதுயுகம்' திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பெண்களுக்கு, பாக்கெட்டுக்கு 6 வீதம் 3 பாக்கெட், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 18 என்றால் ஒரு விலக்குக்கு 9. ஐந்து நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு இரண்டுகூட வரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று சுகாதார வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 4 வேண்டும். மீதிக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒன்றையே பன்னிரண்டு மணி நேரம் வைத்திருப்பாள், இல்லாவிட்டால் துணிக்குத் திரும்புவாள். 19 வயது முடிந்தால் அதுவும் கிடையாது. அத்தை சிரித்தது அதற்குத்தான். உடம்பு ஓய்வதற்கு அவருக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டால் விலக்கு நின்றுவிடுமா?

மக்கள் மருந்தகத்தில் 'சுவிதா' நாப்கின் 2019 முதல் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ரூபாய் நாப்கினுக்காக மலையிலிருந்து இறங்கி ஏறும் அரை நாள் கூலியை யார் தருவது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம், இது யாரும் பேசாத விஷயம். பசை வைத்த நாப்கின், இறுக்கமான உள்ளாடை இருந்தால்தான் நிற்கும். மலையிலும் சேரியிலும் நடுத்தர வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலர் பாவாடை மட்டும் உடுத்துகிறவர்கள். அவர்களுக்கு இந்த நாப்கினை இலவசமாகக் கொடுத்தாலும் எதில் ஒட்டுவார்கள்? ஆரம்பக் காலத்து நாப்கின்கள் இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிற மாதிரிதான் இருந்தன. பிரசவித்த தாய்மார்களுக்கு அப்படி பெல்ட் வைத்தது இன்றும் தயாராகிறது. வயல் வேலை செய்யும் பெண்ணுக்கும் அதே பெல்ட் ரகம் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுத வேண்டுமானால் முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 98 விழுக்காட்டினர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கேள்வி 'என்ன பயன்படுத்துகிறாய்' என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை மணி நேரம் வைத்திருந்தாய், மாற்ற இடம் இருந்ததா, புண் வந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. 24 வயதைத் தாண்டியவர்களும் இல்லை.

வசதியான நாப்கின் என்பது பணக்காரப் பெண்ணின் சொகுசு என்று நம் தோழர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். கறை படுவது நம் பிள்ளைகளுக்கு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் 12 வயது மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். சீருடையில் பட்ட கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டாள் என்று பெற்றோர் கதறினார்கள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி பூப்பெய்தியதால் வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதிய காணொலியை நாம் எல்லோரும் பார்த்தோம். 'தீட்டு' என்ற ஒரே சொல்லை இந்தச் சமூகம் நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தவும் பயன்படுத்தியது, பெண்ணை வீட்டுக்கு வெளியே நிறுத்தவும் பயன்படுத்தியது. புறநானூற்றின் 299-ஆம் பாட்டிலேயே, முருகன் கோயிலில் கலம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் உவமையாக வருகிறார்கள். அவ்வளவு பழசு. தலித் பெண்ணுக்கோ இரண்டு தீட்டும் ஒரே உடம்பில்.

தூக்கிப்போட்ட பிறகு நடப்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். 'பயன்படுத்தித் தூக்கிப்போடுவது' என்கிறார்கள். தூக்கிப்போடுவது ஒருவர், எடுப்பது யார்? வேலூர் மாநகராட்சியானாலும் கீழே உள்ள ஊராட்சியானாலும் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் நம் சனம். திறந்தபடி கிடக்கும் நாப்கினை வெறும் கையால் எடுத்த கதையைச் சொல்லாத ஒரு தூய்மைப் பணியாளர் அக்காவை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிப் பொருளில் நாப்கின் செய்ய வழி பார்க்க வேண்டும் அல்லது ஒவ்வொன்றையும் சுற்றிப்போட உறை தர வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லியிருந்தன. நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் உறை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பள்ளிகளில் வைத்த சின்ன எரிப்பான்களும் முழுத் தீர்வு அல்ல. 800 டிகிரிக்கு மேல் சூடேறாமல் பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப் புகைதான் மிஞ்சும். மலையில் புதைப்பார்கள், அல்லது புதரில் வீசுவார்கள். அந்த அடித்தாள் மண்ணோடு மக்குவதற்குள் பல தலைமுறை போய்விடும்.

அப்படியானால் துணி நாப்கின், கப் என்று போகலாமே என்பார்கள். நல்ல முயற்சிகள் இருக்கின்றன. ஆரோவில்லில் 'ஈகோ ஃபெம்' துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் செய்கிறது. கேரளத்தில் ஆலப்புழையில் 2019-இல் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கப் கொடுத்தார்கள். 2022-இல் கும்பளங்கி ஊராட்சி நாப்கின் இல்லாத ஊர் என்றே அறிவிக்கப்பட்டது. விரும்புகிறவர்களுக்கு அதுவும் கிடைக்கட்டும். ஆனால் கப்பைக் கழுவ நல்ல தண்ணீரும் கதவு உள்ள கழிப்பறையும் வேண்டும். துணியை வெயிலில் காயவைக்க, யாரும் முகம் சுளிக்காத ஒரு கொடி வேண்டும். ஒரே அறை வீட்டில், குழாயடிக்குக் குடம் தூக்கும் பெண்ணிடம் போய் 'சுற்றுச்சூழலைக் காப்பாற்று' என்று வகுப்பெடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திட்டத்துக்கு நாப்கின் வாங்கும் முன், மலையிலும் சேரியிலும் சில பெண்களுக்குக் கொடுத்து ஒரு மாதம் அவரவர் வேலையோடு அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் எத்தனை பாக்கெட் கொடுத்தோம் என்பதோடு 'உரசல் உண்டா, கசிவு உண்டா, போதுமா' என்றும் மூன்று கட்டம் போடுங்கள். வயது வரம்பை எடுத்துவிடுங்கள், பெல்ட் ரகத்தையும் சேருங்கள். ஜவ்வாது மலையின் மகளிர் குழுக்களுக்கே தயாரிப்பைக் கொடுத்தால், அணிகிறவளும் செய்கிறவளும் ஒருத்தியாகவே இருப்பாள். எந்த அடுக்கு உறுத்துகிறது என்று அவளுக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள் உறை, தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, இவை தயவு அல்ல.

அமிர்தியில் அன்று கிளம்பும் முன், அடுத்த கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். 'மாதவிலக்கு' என்று எழுதினால் தலைவர் சபையில் வாசிக்க மாட்டார், 'மகளிர் சுகாதாரப் பொருள்' என்று எழுதுங்கள் என்றார் ஒரு பெரியம்மா. பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் குறுக்கே வந்தாள்.

"நாப்கின்னே எழுதுங்கக்கா. அவரு படிக்கலன்னா நான் படிக்கிறேன்."