விலை நம்முடையது; பாத்தியதை கம்பெனியுடையதா?

மண்வெட்டியின் பிடி உடைந்தால் விவசாயத் தொழிலாளி என்ன செய்கிறான்? புதுப் பிடி செதுக்கி, பழைய இரும்பை அதில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறான். "அந்தப் பிடியோடு சேர்த்துத்தான் இரும்பை விற்றேன். பிடி போனால் இரும்பின் மேல் உனக்கு உரிமையில்லை. மறுபடியும் பணம் வை" என்று கொல்லர் சொல்வாரா? சொன்னால் ஊர் சிரிக்காதா? ஆனால் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் கோடீஸ்வரக் கம்பெனிகள் இதைத்தான் சொல்லுகின்றன. யாரும் சிரிக்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம், தோழர்களே! ரேஷன் கார்டும், பட்டாவும், பி.எப். கணக்கும் இன்று அதற்குள்தான் இருக்கின்றன. மில்லில் கணக்கு முடித்து வாங்கிய பணத்தில் மகனுக்கு டைப்பிங் கடை வைத்துக் கொடுத்த தொழிலாளிகள் நம்மிடையே உண்டு. சங்க ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆகவே இது நம் பிரச்னைதான்.

சாப்ட்வேர் என்பது என்ன? இயந்திரத்துக்கு இன்ன வேலையை இப்படிச் செய் என்று சொல்லும் கட்டளைகளின் தொகுப்பு. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முன்பு இதை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துவந்தது. 1969-ல்தான் அதைப் பிரித்துத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. கட்டளையும் ஒரு சரக்காயிற்று. சரக்கென்றால் வாங்கியவனுக்குச் சொந்தமாக வேண்டுமல்லவா? அதுதான் இல்லை! நாங்கள் விற்றது பொருளையல்ல, உபயோகிக்கும் லைசென்ஸை மட்டுமே என்கிறார்கள் முதலாளிகள். கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதை நமக்குத் தெரியும். கதையில் அவன் தோற்றான். இங்கே அவன் உலகப் பணக்காரனாகிவிட்டான்.

ஓர் இயந்திரத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போதுதான் இந்த விலங்கு காலில் தட்டுப்படும். புதுக் கம்ப்யூட்டரோடு ஏற்றிக் கொடுக்கும் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ், அந்த ஒரே இயந்திரத்தோடு கட்டப்பட்டது. இயந்திரம் செத்தால் லைசென்ஸும் உடன்கட்டை ஏற வேண்டும்! எடுத்துச் செல்லும் உரிமையுள்ள லைசென்ஸ் வேண்டுமானால் அதைத் தனியாக வாங்க வேண்டும். ஆப்பிள் கம்பெனியோ தன் சாப்ட்வேரைத் தான் செய்த இயந்திரத்தில் மட்டுமே ஓட்டலாம் என்கிறது. வேறு இயந்திரத்தில் ஏற்றி விற்ற சைஸ்டார் என்ற சிறு கம்பெனிக்கு எதிராக 2009-ல் அமெரிக்கக் கோர்ட் தீர்ப்பளித்தது. அடோபி கம்பெனி 2013-ல் ஒரு படி மேலே போயிற்று. போட்டோஷாப் போன்றவற்றின் புதுப் பதிப்புகளை இனி விலைக்குத் தர மாட்டோம், சந்தாவுக்குத்தான் என்று அறிவித்தது. விற்பனை போய்க் குத்தகை வந்தது. குத்தகை நிலுவை நின்றால் நிலத்தை விட்டு வெளியேற்றம்! இது நமக்குப் புதிதா?

2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐப் பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஏற்றக் கம்பெனி அனுமதிப்பதில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் போடு, புதிது வாங்கு என்பதுதான் இதன் பொருள். வேண்டாம், லினக்ஸுக்கு மாறுகிறேன் என்றால், விண்டோஸுக்கென்று விலை கொடுத்து வாங்கிய சாப்ட்வேர்களில் பல அங்கே ஓடாது. கொடுத்த பணம் போனதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2004-ல் டாட்டா கன்சல்டன்சிக்கும் ஆந்திர சர்க்காருக்கும் நடந்த வழக்கில், கடையில் விற்கும் ரெடிமேட் சாப்ட்வேர் "சரக்கு"தான், விற்பனை வரி போடலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வரி வாங்கும்போது சரக்கு, வாங்கியவன் எடுத்துச் செல்லும்போது மட்டும் வெறும் லைசென்ஸா? ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் 2012-ல், காலவரம்பின்றி விலைக்கு வாங்கிய சாப்ட்வேரை வாங்கியவர் பிறருக்கு விற்கலாம், தன் இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டால் போதும் என்று கூறிற்று. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

"சாப்ட்வேர் எழுதியவன் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அவனும் நம்மைப் போல் உழைப்பை விற்பவன்தான். ஆனால் வேலையில் இருக்கும்போது அவன் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், இந்தியக் காப்பிரைட் சட்டப்படி முதலாளிக்கே சொந்தம். நாம் இரண்டாம் முறை கட்டும் பணமும் முதலாளியின் பெட்டிக்குத்தான் போகிறது. மேலும், ஒன்றை வாங்கிப் பத்து இயந்திரத்தில் ஓட்ட நாம் கேட்கவில்லை. பழையதில் அழித்துப் புதியதில் ஏற்றவே கேட்கிறோம்.

வேறு வழியும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த முயற்சியும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து, யாரும் ஓட்டலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற சுதந்திர சாப்ட்வேரைத் தந்தன. கேரளப் பள்ளிகளின் 2 லட்சம் கம்ப்யூட்டர்களில் இதை ஏற்றுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அம்மாநிலக் கல்வித்துறையின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அரசு ஆபீசுகளில் இத்தகைய சாப்ட்வேருக்கு முதலிடம் என்று மத்திய சர்க்காரே 2015-ல் கொள்கை வெளியிட்டது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. விலைக்கு வாங்கிய சாப்ட்வேரை வேறு இயந்திரத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் ஷரத்துகள் செல்லாது என்று சட்டம் வேண்டும். பள்ளி, பஞ்சாயத்து, கூட்டுறவு சங்கம் எல்லாவற்றிலும் மக்கள் பணம் சுதந்திர சாப்ட்வேருக்கே செலவாக வேண்டும். முதல் காரியமாக நமது சங்க ஆபீசின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றுவோம். நிலத்தில் பாத்தியதை கேட்டுப் போராடிய வர்க்கம், கருவியின் பாத்தியதையை விட்டுக்கொடுக்கலாகாது!