நீலமலையும் நிலைத்த புகழும்

ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்ட காலம் 1947-ஆம் ஆண்டோடு முடிந்தது. அவர்தம் நாட்டு நடிகர்களின் புகழோ இன்னும் முடிந்தபாடில்லை. பழைய ஆங்கிலப் படங்களை விரும்பிக் காண்போர் உதகையிலும் குன்னூரிலும் இன்றும் உளர். ஆண்டவரிடத்து நாம் கொண்டிருந்த அச்சமே இவ்விருப்பாய் எஞ்சி நிற்கின்றது என்பர் ஒரு சாரார். இக்கூற்று ஆராய்தற்குரியது. நம் மலையோடு தொடர்புடைய நடிகையார் ஒருவரின் வரலாறே இதற்குப் போதிய சான்றாகும்.

விவியன் லீ அம்மையார் 1913-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் டார்ஜிலிங்கிற் பிறந்தவர். 1917-ஆம் ஆண்டில் தந்தையார் குதிரைப்படை அலுவலராய்ப் பெங்களூருக்குச் செல்ல, தாயாரும் குழந்தையும் உதகையில் தங்கினர். தாயார் ஈடுபட்டிருந்த பயில்முறை நாடகக் குழுவின் மேடையில், மூன்று வயதில், ஒரு குழந்தைப் பாட்டை ஒப்புவித்ததே அவர்தம் முதல் மேடையேற்றமாம். அந்நாளில் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர். ஆண்டுதோறும் கவர்னர்கள் பரிவாரத்தோடு மலையேறி வந்தனர். அதிகாரமே புகழுக்கு வேராயின், அக்கவர்னர்களின் பெயரன்றோ இன்று நம் நாவில் நிற்றல் வேண்டும்? நிற்பது நடிகையின் பெயரே.

அழகினாற் பெற்ற புகழ் அது எனின், அதுவும் முழுதும் பொருந்தாது. 1939-இல் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' படத்திற்காக அகாடமிப் பரிசு பெற்ற அம்மையார், அவ்வளவில் அமையாது மீண்டும் நாடக மேடையை நாடினார். மேடைக்கு வேண்டிய வன்மை அவர் குரலில் இல்லையென்று திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். அவர் இடைவிடாது பயின்று அக்குரலை ஆழப்படுத்திக்கொண்டார். 1951-இல் லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் அரங்கில், பெர்னாட் ஷா படைத்த இளம்பெண்ணாகிய கிளியோபாத்ராவாகவும், ஷேக்ஸ்பியர் படைத்த முதிர்ந்த அரசியாகிய கிளியோபாத்ராவாகவும் மாறி மாறி நடித்தார். அவ்வாண்டே வெளிவந்த மற்றொரு படத்தில், அழகு வாடி அறிவு கலங்கும் ஒரு பெண்ணாய் நடித்து இரண்டாம் முறையும் அப்பரிசைப் பெற்றார். உடல் நோயும் மன நோயும் வருத்திய காலத்தும் கலையைக் கைவிட்டாரல்லர். 1957-இல் செயிண்ட் ஜேம்ஸ் அரங்கை இடிக்க முற்பட்டபோது, பிரபுக்கள் சபையின் பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று அதனைக் கண்டித்தார். அரங்கம் பிழைக்கவில்லை. எனினும், 1967-இல் அவர் மறைந்தபோது லண்டன் நாடக அரங்குகள் தம் வெளிவிளக்குகளை அணைத்துத் துயர் காட்டின.

இவ்வுழைப்புக்கு அவர் ஒருவரே சான்றல்லர். நம் மலை ரயிலை உலகுக்குக் காட்டிய 'எ பாசேஜ் டு இந்தியா' 1984-இல் வெளிவந்தது. அதில் நடித்த பெக்கி ஆஷ்கிராப்ட் அம்மையார், அரைநூற்றாண்டுக்கு மேல் மேடையிற் பண்பட்டபின், தம் எழுபத்தேழாம் வயதில் அகாடமிப் பரிசு பெற்றார்.

இங்ஙனம் போற்றுதல் அனைத்தையும் கண்மூடி ஏற்பதாகாது. அப்பாசேஜ் படத்திலேயே இந்தியப் பேராசிரியர் வேடத்தை ஆங்கிலேயராகிய அலெக் கின்னஸ் புனைந்தது குறையேயாம். 'கான் வித் தி விண்ட்' அடிமைகளை ஆண்டோர் வாழ்வை அழகுபடுத்திக் காட்டுகின்றது. அதில் நடித்துப் பரிசு பெற்ற கறுப்பின நடிகையார் ஹாட்டி மக்டானியேல், நிறவேற்றுமைச் சட்டத்தால் அட்லாண்டா நகரின் முதற்காட்சிக்குச் செல்லவும் இயலவில்லை. கூலியுழைப்பால் தேயிலைத் தோட்டங்கள் எழுந்த மலைநாட்டினர் நாம்; இதனை மறத்தல் தகாது. கலையைக் கொள்வோம், அதனோடு ஒட்டிய செருக்கைத் தள்ளுவோம்.

அயலார் கலையைப் போற்றுதலால் நம் கலை குன்றுமோ எனின், குன்றாது. விவியன் லீ 1937-இல் ஹாம்லெட் நாடகத்தில் ஒபீலியாவாய் நடித்தற்குப் பல்லாண்டு முன்னரே, பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை 'அமலாதித்யன்' எனத் தமிழாக்கி மேடையேற்றினார். சிலப்பதிகாரத்து மாதவியும் ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிலன்றோ அரங்கேறினாள்?

ஆகவே நண்பர்காள்! மூன்று மாலை ஒத்திகையோடு நாடகம் ஏறிக் கைத்தட்டலை எதிர்பார்க்கும் வழக்கம் மாணாக்கராகிய நம்மை விட்டு நீங்குவதாக. பிறர் புகழை வியத்தல் எளிது. அப்புகழுக்கு அவர் கொடுத்த விலையை நாமும் கொடுத்தலே அரிது. அவ்விலையைக் கொடுக்கத் துணிவோமாயின், இம்மலையிலிருந்து உலக மேடைக்குச் செல்லும் அடுத்த பெயர் தமிழ்ப் பெயராய் இருத்தல் கூடும்.