எலமெனோபி என்று ஓர் எழுத்தா?



உங்கள் வீட்டில் எல்.கே.ஜி., படிக்கும் தம்பியோ, தங்கையோ இருந்தால், ஏ.பி.சி.டி., பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். 'ஜி' வரை ஒழுங்காக வரும். இன்னும் கொஞ்சம் போனதும், 'எலமெனோபி' என்று ஒரே மூச்சில் ஓர் எழுத்து வரும்! அது ஓர் எழுத்தல்ல. எல், எம், என், ஓ, பி என்ற ஐந்து எழுத்துகள். மெட்டு அந்த இடத்தில் வேகமாக ஓடுவதால், ஐந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு விட்டன. நீங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் பாடியிருப்பீர்கள், மறந்திருப்பீர்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1835ல், சார்லஸ் பிராட்லி என்ற இசைப் பதிப்பாளர் இந்தப் பாட்டைத் தம் பெயரில் பதிவு செய்தார். மெட்டு அவருடையதல்ல, அது ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு. 1806ல் ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி வெளியிட்ட நட்சத்திரக் கவிதையையும், அதே மெட்டில்தான் இன்று பாடுகிறோம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். இசைமேதை மொஸார்ட்டும் இந்த மெட்டை வைத்து, 12 விதமாக மாற்றி மாற்றி வாசிக்க இசை எழுதியிருக்கிறார்.

ஆக, பாட்டு என்பது நல்ல பசை. 26 எழுத்துகளை மூன்று வயதுக் குழந்தையின் மனதில் ஒட்ட வைத்துவிடுகிறது. ஆனால், பொருளையும் அது சேர்த்துத் தருகிறதா? இல்லை. அதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

டிசம்பர் மாதம் பள்ளிகளில் 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடாத ஆண்டு விழா உண்டா? 1857ல் ஜேம்ஸ் பியர்பான்ட் என்பவர் வெளியிட்ட பாட்டு அது. அதில் 'ஸ்லெய்' என்று ஒரு சொல் வருகிறதே, அப்படியென்றால் என்ன என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? சக்கரமே இல்லாத வண்டி அது. பனியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் இல்லாததால் சத்தம் குறைவு. வண்டி வருவதே தெரியாமல் எதிரில் வருபவர்கள் மோதிக்கொள்ளக் கூடாதே! அதற்காகத்தான் குதிரைக்கு மணி கட்டினார்கள். நம்மூரில் மாட்டுக்குக் கட்டும் சலங்கை எழுப்பும் 'ஜல் ஜல்' ஓசைதான் ஆங்கிலத்தில் 'ஜிங்கிள்'. இன்னொரு வேடிக்கை... கிறிஸ்துமஸ் பாட்டு என்று நாம் நினைக்கும் இந்தப் பாட்டில், கிறிஸ்துமஸ் என்ற சொல் ஓர் இடத்தில் கூடக் கிடையாது!

சொற்களின் கதை இப்படி என்றால், மரபுத்தொடர்கள் இன்னும் பொல்லாதவை. அதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், 'ஃபேஸ் தி மியூசிக்' என்றால் என்ன என்று கேட்டேன். கடைசி பெஞ்சு மாணவன் எழுந்து, ''கச்சேரியில முன்வரிசையில உட்காருறது சார்,'' என்றான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். செய்த தவறுக்கான விளைவைத் தைரியமாக எதிர்கொள்வது என்பதுதான் அதன் பொருள். ஆனால், அவன் அப்பா கோவில் திருவிழாக்களில் தவில் வாசிப்பவர். ஃபேஸ் என்றால் முகம், மியூசிக் என்றால் இசை. அவனுக்கு வேறு என்ன தோன்றும்? அதன்பின் ஒரு மாதம், ஆங்கில வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை.

எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு அவனிடம், ''ஒத்து ஊதுறான்னு சொல்றோமே, அப்படின்னா என்னப்பா?'' என்று கேட்டேன்.

''நாயனக்காரர் பக்கத்துல ஒருத்தர் நீளமான குழலை வெச்சுக்கிட்டு, ஒரே சுருதியை விடாம ஊதிக்கிட்டு இருப்பாரு சார். அதுதான் ஒத்து. அவருக்குன்னு தனியா பாட்டு கிடையாது. அதான், சொந்தமா எதுவும் சொல்லாம, இன்னொருத்தர் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடுறவங்கள அப்படிச் சொல்றாங்க,'' என்றான்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அத்தனை விவரமாக எனக்கும் அன்றுதான் தெரியும். உட்காரும் முன் அவனே கேட்டான்... ''அப்போ இங்கிலீஷ்காரங்களும் அவங்க வாத்தியத்தை வெச்சுத்தான் பேசுறாங்களா சார்?''

எவ்வளவு சரியான கேள்வி! அன்று கரும்பலகை நிறைய எழுதினோம். தற்பெருமை பேசுவதை நாம் 'தம்பட்டம் அடிப்பது' என்கிறோம். ஆங்கிலேயர், 'சொந்த டிரம்பெட்டை ஊதுவது' என்கின்றனர். நாம் அடிக்கிறோம், அவர்கள் ஊதுகின்றனர். அவ்வளவுதான் வித்தியாசம். 'டான்ஸ் டு சம்ஒன்ஸ் டியூன்' என்பது, நம் 'தாளத்துக்கு ஆடுவது'. எல்லாமே இப்படிப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். 'ஃபார் எ சாங்' என்றால் மிகக் குறைந்த விலைக்கு என்று பொருள். அதற்கு நம்மிடம் இருப்பது, 'அடிமாட்டு விலைக்கு'. பாட்டு எங்கே, மாடு எங்கே!

'புல் அவுட் ஆல் தி ஸ்டாப்ஸ்' என்ற தொடர், நன்றாகப் படிக்கும் மாணவர்களையே ஏமாற்றிவிடும். ஸ்டாப் என்றால் நிறுத்து. ஆகவே எல்லாவற்றையும் நிறுத்துவது என்று எழுதிவிடுவார்கள். ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். குமிழை இழுத்தால் காற்றுக்கு வழி திறக்கும். உள்ளே தள்ளினால் அடைபடும். அந்தக் குமிழுக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று பெயர். பெரிய தேவாலயங்களில் இருக்கும் குழாய் ஆர்கனில் இத்தகைய குமிழ்கள் வரிசை வரிசையாக இருக்கும். அத்தனையையும் இழுத்துவிட்டு வாசித்தால், கட்டடமே அதிரும். அதனால், முழு மூச்சாக ஒரு வேலையில் இறங்குவதற்கு அந்தத் தொடர் வந்தது. ஆர்மோனியத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர், இதை மறக்கவே முடியாது.

பிடில் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுவும் ஆங்கிலச் சொல்தான். மேல்நாட்டு வாத்தியமான அதை நம் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது இது. மேல்நாட்டு இசைக்குழுவில் வயலின்காரர்கள் இரண்டு அணியாக அமர்வார்கள். முதல் அணிக்குத்தான் பெரும்பாலும் முக்கியமான மெட்டு. இரண்டாம் அணி துணைக்கு. அதனால், ஒருவருக்கு அடுத்த இடத்தில் அடங்கி இருப்பது, 'பிளே செகண்ட் ஃபிடில்'. ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்பார்கள், நம்பாதீர்கள். நீரோ வாழ்ந்தது முதல் நூற்றாண்டு. வயலின் உருவானது 16ம் நூற்றாண்டு!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பாட்டு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளைப் பார்க்காமல், காதில் விழுவதை நோட்டில் எழுதுங்கள். பிறகு, வரிகளோடு ஒப்பிடுங்கள். எத்தனை 'எலமெனோபி' இருக்கிறது என்று தெரியும்! புரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தும் வரி புரியவில்லை என்றால், அங்கே ஒரு மரபுத்தொடர் ஒளிந்திருக்கலாம். ஆசிரியரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை... பாடகர்கள், 'கோயிங் டு' என்பதை 'கன்னா' என்றும், 'வான்ட் டு' என்பதை 'வான்னா' என்றும் பாடுவார்கள். பாடும்போது நீங்களும் பாடுங்கள். பரீட்சைத் தாளில் எழுதி, மதிப்பெண்ணை இழந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அந்தக் கடைசி பெஞ்சு மாணவன், அடுத்த வாரமே ஒரு கேள்வியோடு வந்தான். அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். 'பிளே இட் பை இயர்' என்று ஒரு தொடர் இருக்கிறது. இயர் என்றால் காது. இசைக்குறிப்பைப் பார்க்காமல், காதால் கேட்டதை வைத்தே வாசிப்பது என்பது அதன் நேர்ப்பொருள். பேச்சில் அதற்கு என்ன பொருள், அதற்கு ஈடாகத் தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? வீட்டில் தாத்தா, பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள்.