சத்தம் போடாத கோளாறு

போன வருஷம் பங்குனியில் ஒரு பழைய கார் வாங்கினேன். டாடா இண்டிகோ மரீனா, 2008 மாடல், டீசல். மீட்டரில் 1,84,000 கிலோமீட்டர். விலை 95,000 ரூபாய். பெங்களூரில் இருக்கும் மகன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, இத வாங்குறதுக்குப் பதிலா மாசம் நாலு தடவ டாக்ஸி பிடிச்சிருக்கலாம்லா" என்றான். தெருவில் ஒருவர் ஆம்புலன்ஸா என்று கேட்டார்.

மறந்து போனவர்களுக்காகச் சொல்கிறேன். மரீனா 2004-ல் வந்த ஸ்டேஷன் வேகன். இண்டிகோ காரின் கூரையைப் பின்பக்கம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், அங்கே மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவு வைத்திருப்பார்கள். டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால்தான் நம் ஆட்கள் அதைக் கார் என்று ஒப்புக்கொள்வார்கள். அதனால் இந்த ஜாதி வண்டி இங்கே எடுபடவில்லை. மாருதியின் பலேனோ ஆல்டுராவுக்கும் இதே கதிதான்.

எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. சக்கர நாற்காலி இல்லாமல் வெளியே போக முடியாது. டாக்ஸி பிடித்தால் பாதி வண்டிகளில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் படுத்திருக்கும். நாற்காலியை மேலே கயிறு போட்டுக் கட்ட வேண்டும். புது மாதிரி உயரமான வண்டிகளில் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். மரீனாவின் சீட் ஏறக்குறைய நாற்காலியின் உயரம். ஒருக்களித்து நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். நாற்காலி பின்னால் அப்படியே உருண்டு போய் நின்றுகொள்ளும்.

1,84,000 என்றதும் பலர் முகம் சுளித்தார்கள். என் அபிப்பிராயம் வேறு. பதினாறு, பதினேழு வருஷத்து டீசல் கார் ஒன்று 48,000 காட்டினால்தான் பயப்பட வேண்டும். ஒன்று மீட்டரைத் திருப்பியிருப்பார்கள், அல்லது வண்டி ஷெட்டில் கிடந்து ரப்பரெல்லாம் காய்ந்து போயிருக்கும். மீட்டரை விட்டுவிட்டு பிரேக் பெடலின் ரப்பரையும், ஸ்டீயரிங்கில் கை படும் இடத்தையும், டிரைவர் சீட்டின் ஓரத்தையும் பாருங்கள். அவை பொய் சொல்லாது. இந்த வண்டியில் அவையும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்லின. விற்றவர் 2023-ல் எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தும் வைத்திருந்தார்.

வாங்கிய பிறகு நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சீட் கவர், பாலிஷ், பாட்டுப் பெட்டி என்று முதல் வாரத்திலேயே 11,000 ரூபாய் போனது. டாஷ்போர்டில் 'கிரிச் கிரிச்' என்று ஒரு சத்தம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் மெக்கானிக்கைப் பாடாய்ப் படுத்தினேன். அந்தத் தம்பி பானட்டுக்குள் கையை விட்டு ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பார்த்து, "ஸார், இது ஊறிப்போய் கொழகொழன்னு இருக்கு. எல்லா ஹோஸும் மாத்திருவோமா?" என்று கேட்டான். நான் குனிந்து பார்த்தேன். சொட்டு ஒழுக்கு இல்லை. "ஒழுகட்டும் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்கு ஒரு பரிசோதனை. கோவில்பட்டி தாண்டி, சாத்தூருக்கு முன்னால், 'புஸ்' என்று ஒரு சத்தம். முன்னால் வெள்ளையாக ஆவி. சூட்டு முள் மேலே ஏறுவதைப் பார்த்தவுடன் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். அந்த ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன். மேல் ஹோஸ் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மணி பன்னிரண்டேகால். கரிசல் காட்டு வெயில் உங்களுக்குத் தெரியும். நிழல் என்று ஒரு வேலிக்கருவை இருந்தது, அதுவும் நாலு வழிச்சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

எனக்கென்றால் இறங்கி நடந்து போய் நின்றிருப்பேன். அவளால் முடியாது. நாற்காலியை இறக்கினாலும் சரிவில் உருட்ட வழியில்லை. நாலு கதவையும் திறந்து வைத்து, ஈரத் துண்டை அவள் தலையில் போட்டுவிட்டு, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றேன். பைக்கில் வந்த ஒரு புண்ணியவான் ஐஸ் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து இன்ஜின் மேல் ஊற்றப் போனார். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் விரிசல் விட்டுப்போகும் என்று சொல்லித் தடுத்து, அதை வாங்கி அவளுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அவரே சாத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் அனுப்பி வைத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. ஹோஸின் விலை 450 ரூபாய்.

அவள் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "இனிமே தூரமா போவாண்டாம், என்ன?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் வண்டியை வாங்கியதே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய வண்டி விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. 'ஓடுற வரைக்கும் ஓட்டு, நின்னா பாத்துக்கலாம்' என்பது ஒன்று. வாங்கியதும் இன்ஜினை இறக்கி எல்லாவற்றையும் புதிதாக்கு என்பது இன்னொன்று. முதல் கட்சியில் இருந்துதான் நான் நடுரோட்டில் நின்றேன். இரண்டாவது கட்சிக்காரர்கள் 95,000 ரூபாய் காருக்கு ஒன்றரை லட்சம் செலவழித்துவிட்டு, பழைய காரே கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நான் சொல்வது இதுதான்: சத்தத்தை வைத்து வேலையை முடிவு செய்யாதீர்கள். இது கெட்டுப்போனால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு முடிவு செய்யுங்கள். டாஷ்போர்டு சத்தம் பத்து வருஷம் கத்தினாலும் நாம் வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம்.

டைமிங் பெல்ட் கத்தாது. இந்த இன்ஜினில் அது பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், காரின் விலையில் பாதி போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 6,500 ஆனது. கழற்றிய பெல்ட்டை வளைத்துப் பார்த்தால் முதுகில் முடிமுடியாக வெடிப்பு.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் நன்றாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் வண்டியில் 1114. அதாவது 2014-ஆம் வருஷத்தின் பதினோராவது வாரம். பத்து வயதைத் தாண்டிய ரப்பர். நான்கையும் மாற்றினேன், 18,000. கை நடுங்கித்தான் கொடுத்தேன், ஆனால் பழையதைக் கழற்றியபோது உள்பக்கச் சுவரில் நகம் போகும் அளவுக்கு வெடிப்பு இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பிரேக் ஆயிலை நம்மில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்? குறைந்தால் ஊற்றுவோம், அவ்வளவுதான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானல் இறக்கம் போன்ற இடத்தில் விடாமல் பிரேக் பிடிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். என்னுடையது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. கூலண்டோ, அதைவிட மோசம். யாரோ வருஷக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். செம்மண் கரைசலாக வடிந்தது. சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றி, எல்லா ஹோஸையும் மாற்றினோம்.

மொத்தம் 36,000 ரூபாய் ஆயிற்று. இதை ரிப்பேர் செலவு என்று நான் எழுதவில்லை. காரின் விலை 1,31,000 என்று நோட்டில் திருத்தி எழுதிக்கொண்டேன். முதலிலேயே அப்படி நினைத்திருந்தால் சீட் கவர் வாங்கியிருக்க மாட்டேன். கையில் 95,000 இருந்தால் 70,000-க்குத்தான் வண்டி பார்த்திருக்க வேண்டும்.

மரீனாவுக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இன்ஜின் பக்கம் கவலையில்லை. இண்டிகா டாக்ஸி ஓடாத ஊர் உண்டா? அதே குடும்பத்து இன்ஜின்தான், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். கஷ்டமெல்லாம் இந்த வண்டிக்கென்றே செய்த பின்பக்கச் சாமான்களில்தான்.

இந்த வருஷம் மதுரைக்கு நாலு தடவையும் திருச்செந்தூருக்கு இரண்டு தடவையும் போய் வந்தோம். முதல் தடவை சாத்தூர் தாண்டும்வரை அவள் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். போன மாதம் கயத்தாறிலேயே தூங்கிவிட்டாள். டாஷ்போர்டு இன்னமும் கிரிச் கிரிச் என்கிறது.

ஒரு உதவி வேண்டும். பின்கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் கம்பி இரண்டும் செத்துவிட்டன. இப்போதைக்கு ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்து நாற்காலியை இறக்குகிறேன். இரண்டு தடவை மண்டையில் வாங்கியாகிவிட்டது. திருநெல்வேலி, மதுரைக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இல்லை. வேறு எந்த வண்டியின் கம்பி இதற்குப் பொருந்தும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.