வீதிச் சிற்றுண்டியும் வீட்டுப் பெண்களும்

பாகிஸ்தான் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் ஆட்டமும் எல்லைச் சண்டையும்தாம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு மக்கள் மாலை வேளையில் என்ன தின்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர் இவ்வாண்டு மலருக்காக அதைப் படித்தறிய முற்பட்டோம். நாவில் நீர் ஊறியது உண்மை. ஆயினும் படிக்கப் படிக்க எங்கள் உள்ளத்தில் வேறொரு கேள்வியும் எழுந்தது. அதைத் தோழியர் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் பண்டங்களைப் பார்ப்போம். கராச்சி நகருக்குப் பெருமை சேர்ப்பது 'பன் கபாப்'. கடலைப்பருப்பையும் இறைச்சியையும் வேகவைத்து அரைத்து, வடைபோல் தட்டி, அடித்த முட்டையில் தோய்த்துக் கல்லில் பொரித்து, சட்டினியும் வெங்காயமும் சேர்த்துப் பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். இறைச்சியின்றிப் பருப்பும் உருளைக்கிழங்கும் மட்டும் கொண்டதும் உண்டு. மேனாட்டுப் பர்கர் இதற்கு உறைபோடக் காணாது என்பது எங்கள் துணிபு. (சுவைத்துப் பாராமலே இப்படி எழுதலாமா என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். எழுதலாம் என்று மற்றவர் தீர்ப்பளித்தோம்!)

பெஷாவரில் 'சப்ளி கபாப்' பெயர் பெற்றது. கொத்திய மாட்டிறைச்சியுடன் மக்காச்சோள மாவு, தக்காளி, கொத்தமல்லி விதை, உலர்ந்த மாதுளை விதை ஆகியவற்றைக் கலந்து, உள்ளங்கையைவிட அகலமாகத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். கராச்சியிலும் லாகூரிலும் 'கடாகட்' என்றொரு பண்டம் உண்டு. ஆட்டின் ஈரல், இதயம், சிறுநீரகம், மூளை இவற்றையெல்லாம் பெரிய கல்லில் இட்டு இரண்டு தகடுகளால் கொத்தும்போது எழும் ஓசையே அதன் பெயராயிற்று. கொத்து பரோட்டாக் கடையருகே நடந்து சென்றவர்களுக்கு அந்த ஓசையை நாம் விளக்க வேண்டியதில்லை. கரும்புச் சாற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு ட்விட்டரில் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தேசிய பானமாக அறிவித்தது!

இவற்றுள் சில, கண்ணீரோடு வந்து சேர்ந்தவை. 1947-இல் நாடு பிரிந்தபோது டெல்லியிலிருந்து வீடு வாசலை விட்டுக் கராச்சிக்குச் சென்றவர்கள் பலர். அவர்களோடு சென்றது நிஹாரி. இரவெல்லாம் சிறு தீயில் வெந்து காலையில் உண்ணப்படும் இறைச்சிக் குழம்பு அது. இன்று கராச்சியின் பர்ன்ஸ் சாலையில் நிஹாரிக்கும் ஹலீமுக்கும் கூட்டம் அலைமோதுகிறது. பெட்டியில் எடுத்துச் செல்ல முடியாததைக் கைப்பக்குவத்தில் எடுத்துச் சென்றார்கள் போலும்.

அந்தக் கைப்பக்குவம் யாருடையது? இங்கேதான் எங்கள் கேள்வி பிறந்தது.

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்வோம். நோன்பு திறக்கும் வேளைக்குப் பக்கோடா, சமோசா, பழச் சாட், தயிரில் ஊறிய தஹி படா எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பிற்பகல் முழுதும் அடுப்படியில் நின்று, தாமும் நோன்பிருந்துகொண்டே பொரித்தெடுப்பவர்கள் வீட்டுப் பெண்கள். அதே நேரத்தில் தெருமுனையிலும் எண்ணெய்ச் சட்டி காய்கிறது. அங்கே கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் ஆண். அதே மாவு, அதே எண்ணெய், அதே பக்கோடா! வீட்டில் பொரித்தால் கடமை, வீதியில் பொரித்தால் தொழில். கடமைக்குக் கூலியில்லை, தொழிலுக்குக் காசு உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

சமைப்பது இருக்கட்டும், உண்பதையாவது பார்ப்போம். கராச்சியிலும் லாகூரிலும் குடும்பங்கள் காரில் வந்து கடையோரம் நிறுத்துவார்கள். கடைப் பையன் தட்டை ஏந்திக் கார்ச் சன்னலுக்கு ஓடி வருவான். பெண்கள் உள்ளே அமர்ந்தபடியே உண்பார்கள். பல உணவகங்களில் குடும்பத்தாருக்கென்று தனி அறையோ, திரையிட்ட பகுதியோ உண்டு. சாலையோரத் தேநீர்க் கடையான 'டாபா'வின் கயிற்றுக் கட்டிலிலும் பலகையிலும் காலை நீட்டி அமர்ந்து, பாலில் கொதித்த தேநீரைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசுகிறவர்கள் ஆண்கள்.

2015-ஆம் ஆண்டில் கராச்சி இளம்பெண்கள் சிலர் எளிய செயல் ஒன்றைச் செய்தார்கள். டாபாவில் சென்று அமர்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள், அதைப் படம் எடுத்து வெளியிட்டார்கள். அவ்வளவே! 'கேர்ள்ஸ் அட் டாபாஸ்' என்ற பெயரில் அது பரவியது. வேறு நகரப் பெண்களும் தத்தம் படங்களை அனுப்பினார்கள். 2016-இல் மிதிவண்டிப் பேரணியும் நடத்தினார்கள். தேநீர் குடிப்பதெல்லாம் ஒரு புரட்சியா என்று நகைத்தவர்களும் உண்டு. நாங்கள் கேட்கிறோம்: அது அத்தனை அற்பமான செயலாயின், அதைக் கண்டு முகம் சுளிப்பானேன்?

மறுப்புரைகளையும் நாங்கள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. தெரு பாதுகாப்பானதன்று என்பார்கள். தெருவில் பெண்களே இல்லாதபோது அது எங்ஙனம் பாதுகாப்பானதாகும்? பத்துப் பெண்கள் அமர்ந்திருக்கும் கடையில் பதினோராவது பெண் அஞ்சமாட்டாள். தெருப் பண்டம் தூய்மையற்றது என்பார்கள். ஈ மொய்ப்பதை நாங்களும் விரும்பவில்லை. பஞ்சாப் மாகாணத்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த உணவு ஆணையம் கடைகளைச் சோதிக்கிறது, குறை கண்டால் தண்டிக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஈயும் அழுக்கு நீரும் அண்ணனின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டு, தங்கையின் வயிற்றை மட்டும் கெடுக்குமா?

மூன்றாவது மறுப்பு ஒன்றுண்டு. அதற்கு மட்டும் நாங்கள் தலை வணங்குகிறோம். டாபாவில் படம் எடுத்துக்கொள்பவர்கள் படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்கள். வீட்டு வேலைக்காக நாள்தோறும் அதே தெருவில் வெயிலில் நடந்து செல்லும் ஏழைப் பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்பது அது. நியாயமான கேள்வி. அவளுக்கும் கால் வலிக்கும், அவளுக்கும் அந்தப் பலகையில் அரை நாழிகை அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிக்க ஆசை இருக்கும். அவள் அமரும் நாள் வரும்வரை அந்தப் பெண்களின் வேலை முடிந்ததாகாது. அதற்காக அவர்கள் தொடங்கியதே தவறு என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

கடைசியாக, எங்கள் கட்சிக்குத் துணை நிற்கும் பண்டம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அது கோல் கப்பா. சின்னஞ்சிறு பூரியை விரலால் உடைத்து, கொண்டைக்கடலையிட்டு, புளிநீர் ஊற்றிய மறுகணமே முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். காரில் வாங்கித் தின்றால் மடியெல்லாம் புளிநீர். பூரியை ஒரு பையிலும் நீரை ஒரு பையிலும் கட்டித் தரவும் செய்வார்கள்தாம். ஆனால் வண்டிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கையை நீட்டும் சுகம் அந்தப் பையில் வருமா? அதற்கு வண்டியின் முன்னால்தான் நிற்க வேண்டும்.