கல்லறை வாயிலோடு முடியாத கடமை



நவம்பர் மாதம் மரித்தோரின் மாதம். கல்லறைத் திருநாளுக்கு முன்பாகவே நம் பங்குகளில் கல்லறைத் தோட்டங்களின் புதர்கள் வெட்டப்படுகின்றன. கல்லறைகள் சுண்ணாம்பு பூசப்பெறுகின்றன. மாலையில் மெழுகுவத்திகளும் மாலைகளும் அவற்றை அழகு செய்கின்றன. மறைந்தவர்களுக்காகத் திருப்பலிக்கு எழுதி வைக்கிறோம், செபமாலை சொல்கிறோம். இவை யாவும் செய்யத்தக்கவையே. ஆயினும் நம் குடும்பங்களிற் பல, மறைந்தவர்களுக்குச் செய்ய மறந்துவிடும் ஒரு கடமை உண்டு. இறப்பை அரசின் ஏட்டில் பதிவு செய்து அதற்குரிய சான்றிதழைப் பெறுவதே அது. இம்மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

சென்ற ஆண்டு ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பங்கு ஆலயத்தின் மரித்தோர் பதிவேட்டைப் பார்த்துப் பங்குத் தந்தை எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்த சான்று அது. அவருடைய கணவர் 2009ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே இறந்தவர். அன்று மாலை ஆலய மணி ஒலித்தது, மறுநாள் அடக்கம், முப்பதாம் நாள் பூசையும் குறைவின்றி நடந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது மகளின் திருமணம் கூடி வந்திருந்தது. கணவர் பெயரிலிருந்த சிறு நிலத்தை விற்க வேண்டும். பட்டா மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கோயில் சான்றைக் காட்டியபோது, இது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சாமியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யாகிவிடுமா, ஐயா?" என்று அவர் கண்கலங்கிக் கேட்டார்.

பொய்யாகிவிடாது. ஆனால் ஏடுகள் இரண்டு. அவற்றின் நோக்கங்களும் இரண்டு. மரித்தோர் பதிவேட்டைப் பங்குகளில் வைத்திருக்க வேண்டும் என்று 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே விதித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் பிரிவும் 1182ஆம் பிரிவும் அதையே கூறுகின்றன. இன்னார் விசுவாசத்தில் மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்கு அந்த ஏடு சாட்சி. இன்னார் இந்த நாளில், இந்த இடத்தில் இறந்தார் என்று உலகக் காரியங்களுக்குச் சாட்சி சொல்வது அரசின் ஏடு. அதற்கென்று பழைய சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. இன்று நாடு முழுவதற்கும் உரியது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம்.

திருச்சபையும் சான்றில்லாமல் நடப்பதில்லை. கணவனையோ மனைவியையோ இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், துணைவர் இறந்ததற்குத் திருச்சபையின் அல்லது அரசின் உண்மையான சான்று வேண்டும். அத்தகைய சான்றால் இறப்பை மெய்ப்பிக்க முடியாதபோது, ஆயர் விசாரித்து, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அறிவிக்கும் வரையில், திருமணக் கட்டு அவிழ்ந்ததாகக் கொள்ளப்படாது என்று 1707ஆம் பிரிவு கூறுகிறது. கடலுக்குச் சென்று திரும்பாதவர்களின் இல்லங்களுக்கு இந்தத் துயரம் புதிதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலிலும் உடல் கிடைக்காமற்போன குடும்பங்கள், அழுவதற்கு ஒரு கல்லறையுமின்றி, காட்டுவதற்கு ஒரு தாளுமின்றித் தவித்ததை நம் கடலோரப் பங்குகள் அறியும். உடலும் கிடைத்து, ஊரும் கூடி அடக்கம் செய்த நாம், பதிவு செய்யாமல் இருந்துவிடுவது எவ்வளவு பெரிய அசட்டை!

தொடக்க நூலின் 23ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். சாரா இறந்தபோது ஆபிரகாம் அழுது புலம்பினார். பின்னர் எழுந்து, ஊர் வாயிலில் கூடியிருந்தோர் முன்னிலையில் 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, மக்பேலா குகையையும் நிலத்தையும் உறுதி செய்துகொண்டார். கண்ணீருக்கும் இடம் கொடுத்தார். காரியத்தையும் ஒழுங்கு செய்தார். விசுவாசிகளின் தந்தை நமக்குக் காட்டிய வழி அது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, இடம். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. சொந்த ஊரிலும் அன்று, அடக்கம் செய்த ஊரிலும் அன்று. மதுரை மருத்துவமனையில் இறந்தவரைச் சிவகங்கைக் கிராமத்தில் அடக்கம் செய்தாலும் பதிவு மதுரையில்தான். பயணத்தின்போது வண்டியில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிவு. கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரையும், நகரங்களில் பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தையும் நாட வேண்டும். கிராமங்களின் பழைய ஏடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடலாம்.

இரண்டாவது, ஆள். மருத்துவமனையில் இறந்தால் தகவல் அனுப்ப வேண்டியவர் அதன் பொறுப்பு மருத்துவர். வீட்டில் இறந்தால் அது குடும்பத் தலைவரின் கடமை. கல்லறைத் தோட்டத்தை வைத்திருப்போரும் பதிவாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. பங்குப் பேரவையினர் இதைக் கருத்திற்கொள்வார்களாக.

மூன்றாவது, காலம். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. சான்றிதழின் முதற்படியும் இலவசம். அதற்குமேல் 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் உண்டு. 30 நாட்களைக் கடந்து ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் முன்பு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கும் திருத்தத்தின்படி, மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஆட்சியரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ உண்மையை ஆராய்ந்து ஆணையிடலாம். இதற்கு முன்படியாக, ஏட்டில் அப்படியொரு பதிவு இல்லை என்று பதிவாளரிடம் சான்று பெற வேண்டும். அதற்குரியது 10ஆம் எண் படிவம்.

நான்காவது, பெயர். நம்மிடையே ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் உள்ள பெயர் மற்றொன்று. துக்க வீட்டில் யாரோ ஓர் இளைஞன் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிடுகிறான்; பின்னர் வங்கியிலும் காப்பீட்டிலும் குடும்பம் அல்லற்படுகிறது. ஆகையால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளவாறே எழுதச் செய்யுங்கள். பிழை நேர்ந்துவிட்டால் 15ஆம் பிரிவின்படி திருத்தலாம். முதலில் எழுதியதை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் குறித்துப் பதிவாளர் கையெழுத்திடுவார்.

ஐந்தாவது, அச்சம். இறப்பின் காரணம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சிப் பதிவு செய்யாத குடும்பங்களும் உண்டு. தற்கொலையாக இருக்கலாம், வெளியே சொல்ல விரும்பாத நோயாக இருக்கலாம். அந்த அச்சம் வேண்டாம். பதிவேட்டில் குறித்த இறப்புக் காரணத்தை, யாருக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் வெளியிடலாகாது என்று 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. பிணியையும் பிழையையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டு, பதிவை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

நம்மைத் தேடி வந்த தாயின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் கொண்டுவந்த கோயில் சான்று வீண்போகவில்லை. அது இறப்புச் சான்றிதழ் ஆகாது. எனினும் கோட்டாட்சியரின் விசாரணையில் அதுவே முதல் ஆதாரமாயிற்று. இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. கோயில் ஏட்டில் இருந்தது அடக்கம் செய்த நாள். மனுவில் எழுதியிருந்தது இறந்த நாள். இரண்டும் வெவ்வேறாக இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கல்லறைக் கல்லில் பொறித்திருந்த நாளும், அன்று உடனிருந்த அண்டை வீட்டார் இருவரின் வாக்குமூலமும் ஐயத்தைத் தீர்த்தன. பங்கு அலுவலகங்களில் இறந்த நாளையும் அடக்க நாளையும் தனித்தனியே எழுதி வைப்பது எத்துணை நன்மை என்பதை அன்று கண்டோம்.

பல நடைகள் நடந்து, ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கழித்துச் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது. திருமணம் ஒரு தடவை தள்ளிப்போடப்பட்டு, பின்னர் நல்லபடியாக நடந்தேறியது. சான்றிதழைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டிய அன்று அவர் மகிழ்ச்சியாக இருப்பார் என்று எண்ணினோம். அவரோ அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருஷமும் சர்க்கார் கணக்கில் அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார், ஐயா. இன்றைக்குத்தான் இன்னொரு முறை போனார்" என்றார். நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை.

ஒரே துக்கத்தை ஒரு பெண்மணி இரண்டு முறை சுமக்க நேர்ந்தது. 21 நாட்களுக்குள் ஒருவர் ஒரு நடை போயிருந்தால் அது நேர்ந்திராது.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் கற்றிருக்கிறோம். அந்த இரக்கம் கல்லறை வாயிலோடு நின்றுவிடலாகாது. துக்கத்திலிருக்கும் குடும்பத்தாருக்கு அலுவலகம் செல்லும் நினைவும் இராது, தெம்பும் இராது. ஆகவே வின்சென்ட் தே பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும், அக்கம்பக்கத்தாரும் இதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்களாக. மூன்றாம் நாள் செபத்துக்குப் போகும்போது, "பதிவு செய்தாயிற்றா?" என்று மெல்ல விசாரியுங்கள். இல்லையென்றால், அந்த வீட்டுப் பிள்ளையை உடனழைத்துக்கொண்டு நீங்களே போய் வாருங்கள். சான்றிதழில் ஐந்தாறு படிகள் வாங்கி, ஒன்றைக் குடும்பத் திருவிவிலியத்தினுள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இம்மாதம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றித் திரும்பும்போது, உங்கள் இல்லத்தில் மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். யாருடைய பெயராவது அரசின் ஏட்டில் ஏறாமல் இருக்குமானால், அடுத்து வரும் வேலை நாளிலேயே அதற்கான முயற்சியைத் தொடங்குங்கள். மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்கள் இறைவனின் இரக்கத்தால் இளைப்பாறுக.